சேவுகன் வாத்தியாரின் ஐந்து கேள்விகள்

சேவுகன் வாத்தியாருக்குப் பிள்ளைகள் மேல் பிரியம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள், நாலாம் பாரத்துப் பிள்ளைகளை, அதாவது இந்தக் காலத்து ஒன்பதாம் வகுப்பை, பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற அந்த ஒரு நாள் மட்டும், அத்தனை பேரையும் அங்கேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றும். தோன்றுவதோடு சரி. எண்ணிப் பார்த்து எல்லாரையும் திரும்ப ஏற்றிக்கொண்டுதான் வருவார்.

புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி மாங்குளத்துப்பட்டி என்று ஒரு சிற்றூர். அங்கே நிலத்தில் பாடுபடுகிற சம்சாரி வீட்டில் பிறந்து, அந்த ஊரிலேயே முதல் ஆளாக பி.ஏ. படித்தவர் அவர். சமஸ்தானத்தை யூனியனோடு சேர்த்த 1948இல், எல்லை தாண்டி அறந்தாங்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர வாத்தியாராகச் சேர்ந்தார். நேற்றுவரை மகாராஜா என்று விண்ணப்பம் எழுதிய கை மறுநாள் கலெக்டர் என்று எழுதியது. சரித்திரம் தன் வீட்டு வாசல் வழியாகவே நடந்து போனதைப் பார்த்தவன் என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்தை உடைக்கவென்றே பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருந்தது. ‘உலகச் சமயங்கள்.’ ஆறு மதங்களை நாலு பீரியடில் நடத்தி முடிக்க வேண்டும். முடித்துவிட்டுப் பரீட்சை வைத்தால் முப்பத்திரண்டு தாளிலும் ஒரே பதில் வரும்: ‘எல்லா மதங்களும் நல்லதையே சொல்கின்றன.’ சமணத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில், இஸ்லாத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில். வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். “நல்லதுன்னா என்னடா நல்லது? அதைச் சொல்லுங்கடா! கத்திரிக்கா நல்லதா, கருவாடு நல்லதா?” என்று கத்துவார். பிள்ளைகளுக்குக் கருவாடு என்றதும் சிரிப்பு வந்துவிடும். அதோடு மதங்கள் முடிந்தன.

புத்தகத்தில் படம்கூடக் கிடையாது. கண்ணால் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்று முடிவு செய்து, 1951இல் முதல் முறையாகப் பிள்ளைகளைத் திருக்கோகர்ணத்து மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சமணத் தீர்த்தங்கரர் சிலை முன்னால் நின்று, இவர் யார், எந்தக் காலம், என்ன போதித்தார் என்று உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் சூடம் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவன் தரையில் சூடத்தைக் கொளுத்தி வைத்திருக்கிறான். இன்னொருவன் தேங்காயை எங்கே உடைப்பது என்று தூணைத் தடவிக்கொண்டிருக்கிறான். காவலாளி ஓடி வந்து சத்தம் போட்டார். “சாமியப் பாக்கப் போறோம்னு சொன்னீங்களே சார்” என்றான் சூடம் கொளுத்தினவன். சாமியைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் வாத்தியாரும் சொல்லியிருந்தார். அதனால் அவனை அடிக்கவும் முடியவில்லை.

முஸ்லிம் பிள்ளைகள் இதற்கு நேர் எதிர். சிலைக் கூடத்துக்குள் நுழைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாடம் செய்து வைத்த புலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவன் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறான், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஆகமொத்தம் சிலையைப் பார்த்தது யார்? ஒருத்தனும் இல்லை. இதற்கா இருபது மைல் பஸ்ஸில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தோம் என்று வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யோசித்து யோசித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மியூசியத்து வாசலிலேயே எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கண்ணைத் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிலைக்கும் முன்னால் ஐந்து கேள்வி. தலையில் என்ன? காது எப்படி? கை எங்கே? உடம்பில் என்ன போட்டிருக்கிறது? மேலேயும் கீழேயும் என்ன? ஐந்துக்கும் பதில் எழுதி முடித்த பிறகுதான் அது யாருடைய சிலை என்று வாத்தியார் சொல்வார். “பேரு தெரிஞ்சா நீங்க பாக்க மாட்டீங்கடா. கும்பிட ஆரம்பிச்சிருவீங்க” என்பார். சிலை இல்லாத மதங்களுக்கு அரபி எழுத்துப் போட்ட காசும் சிலுவை போட்ட காசும் காட்டி, அதற்கும் ஐந்து கேள்வி கேட்பார். காசுக்குக் காது எங்கே சார் என்று வருஷம் தவறாமல் ஒருவன் கேட்பான். வருஷம் தவறாமல் அவன் குட்டு வாங்குவான்.

இந்தச் சுற்றுலாவைக் கண்டாலே தலைமை ஆசிரியர் ரெங்கசாமிக்கு ஆகாது. “ஒங்களுக்கு ஏன் சார் இந்த வேலை? எல்லா மதமும் நல்லதைச் சொல்லுதுன்னு எழுதினா மார்க் போட்டுட்டுப் போங்களேன்” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நியாயத்தைக் கேட்கிற ஆளாக இருந்தால் சேவுகன் ஏன் வாத்தியாராகிறார்?

இப்படிப்பட்ட ஆள்தான் 1957 ஐப்பசியில் ஒரு காரியம் செய்தார். ஐந்து வயது மகன் ரெங்கராஜுக்கு இருபத்தொரு நாள் காய்ச்சல். ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள். பதினெட்டாம் நாள் மத்தியானம் பையன் கண் சொருகிப் போய், அம்மா கூப்பிட்டதற்கும் அசையவில்லை. மனைவி பொன்னுத்தாய் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுகிறாள். வாத்தியார் எழுந்து, மாங்குளத்துப்பட்டி இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “மொட்டையாண்டி, எம்புள்ளையக் காப்பாத்திக் குடு. ஒனக்கு ஒரு கெடா வெட்டுறேன்” என்று வாய்விட்டுச் சொன்னார். நாலு நாளில் பையன் எழுந்து கஞ்சி கேட்டான்.

மொட்டையாண்டி என்பது அவர்கள் ஊர்க் கம்மாய்க்கரையில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற கல்சாமி. பங்காளிகள் பன்னிரண்டு வீட்டுக்கும் குலசாமி. பக்கத்திலேயே மண்ணில் அரிவாள் நட்டு ஒரு கருப்பர். யார் வீட்டில் பிள்ளை பிழைத்தாலும், மாடு பிழைத்தாலும், மொட்டையாண்டிக்குத்தான் கிடாய்.

நேர்ந்தாயிற்று. கிடாய்க்குட்டியும் வாங்கியாயிற்று. மாசி மாதம் வெட்டுவது என்று பேச்சு. அதுவரை அறந்தாங்கி வீட்டுக் கொல்லையில் கட்டிக் கிடந்தது அது. ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்து, திருத்த வைத்திருந்த சமூகப் பாடத் தாள்களில் பதினோரு தாளைத் தின்றுவிட்டது. வகுப்பில் வந்து அதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது வாத்தியாருக்கு. அன்றிலிருந்து நாலாம் பாரம் முழுவதற்கும் அந்தக் கிடாயையும் தெரியும், அது மொட்டையாண்டிக்கு நேர்ந்தது என்பதும் தெரியும். “சார், கெடா பாஸா?” என்று ஆண்டியப்பன் என்கிற கடைசி பெஞ்சுக்காரன் கேட்டான். அவன் வாய்க்கு அந்த வருஷம் வாத்தியார் எத்தனை குட்டு வைத்தார் என்பதற்குக் கணக்கில்லை.

அதே வகுப்பில் நூர்நிஷா என்று ஒரு பெண். கோட்டைப்பட்டினத்துக் குடும்பம். அத்தை வீட்டில் தங்கி அறந்தாங்கியில் படித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாலே பெண்கள் இருந்த வகுப்பில் அவள் வாயே திறக்க மாட்டாள். சுற்றுலாவுக்கு அவள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று வாத்தியாரே தீர்மானித்துக்கொண்டு, அவளைப் பெற்ற அத்தா ஜெகபர் சாதிக் ஊரிலிருந்து வந்திருந்த அன்று, பேச வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனார். கலை என்றால் என்ன, கல்வி என்றால் என்ன என்று அரை மணி நேரத்துக்குச் சரக்கு இருந்தது.

ஜெகபர் சாதிக் நாலு வாக்கியத்துக்கு மேல் பேசவிடவில்லை. “நான் பினாங்குல பதினாலு வருஷம் கடை வச்சிருந்தேன் சார். எதுத்தாப்புல புத்தர் கோயில்தான். தெனமும் கடையத் தொறந்தா அவரு மொகத்துலதான் முழிப்பேன். பாக்குறதுக்கு என்ன சார் வந்துச்சு? கும்பிடாம வரணும், அம்புட்டுத்தான். கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார். டீ வந்தது. குடித்துவிட்டு வெளியே வந்தபோது, வாத்தியாருக்குச் சந்தோஷம் பாதி, தயார் செய்த பேச்சு வீணாகிப் போன எரிச்சல் பாதி.

1958 தை மாதம். வழக்கம்போல் பஸ் கிளம்பியது, வழக்கம்போல் இரண்டு பேர் வாந்தி. மியூசியத்து வாசலில் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கட்டிய கையோடு ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். தீர்த்தங்கரர் முன்னால் கேள்விகளைச் சொல்லிவிட்டு வாத்தியார் ஒவ்வொரு நோட்டாக எட்டிப் பார்த்தார். ‘தலையில் தலைமுடி’ என்று எழுதியிருந்தான் ஒருவன். ‘கை கையில் இருக்கிறது’ என்று எழுதியிருந்தான் ஆண்டியப்பன். வாத்தியார் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். பிறகு நூர்நிஷாவின் நோட்டைப் பார்த்தார்.

‘தலையில் கிரீடம் இல்லை. சுருட்டை முடி, வரிசை வரிசையாக. காது தோள்வரை தொங்குகிறது, கம்மல் இல்லை. மடியில் இடது கைமேல் வலது கை, உள்ளங்கை மேல்நோக்கி. உடம்பில் நகை இல்லை, பூணூல் இல்லை, துணியும் இல்லை. மேலே மூன்று குடை, ஒன்றன்மேல் ஒன்று. கீழே மூன்று சிங்கம், நடுச் சிங்கம் நேராகப் பார்க்கிறது.’

ஏழு வருஷமாக இப்படி ஒரு நோட்டுக்காகத்தான் அவர் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். நடுச் சிங்கம் நேராகப் பார்ப்பதை அவரே இப்போதுதான் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு மற்ற வருஷங்களைவிடக் கூடுதலாகவே பேசினார். இந்தச் சமணத் துறவிகள் பூச்சி புழு மிதிபட்டுவிடக் கூடாது என்று மயில்பீலியால் தரையைக் கூட்டிக்கொண்டே நடப்பார்கள், பொழுது சாய்ந்தால் விளக்கில் விட்டில் விழுந்துவிடும் என்று சாப்பிட மாட்டார்கள், ஓர் உயிரைக் கொல்வதும் பாவம், கொல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் பாவம் என்று சொன்னவர்கள். வகுப்பே கொஞ்ச நேரம் வாயைத் திறந்து கேட்டது. பிறகு புலியைப் பார்க்க ஓடிவிட்டது.

திரும்பும்போதுதான் வினை. பஸ்ஸின் ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்கியது. தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்து டிரைவர் நிறுத்திய இடம், வேறு எங்கேயும் இல்லை, மாங்குளத்துப்பட்டிக் கம்மாய்க்கரை. எல்லாரும் இறங்கினார்கள். வாத்தியாரும் இறங்கினார். இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, மொட்டையாண்டி பக்கம் திரும்பி, கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார். பிறந்ததிலிருந்து செய்கிற காரியம். அதில் யோசனை எதுவும் இல்லை.

“சார்! கையப் பின்னாடி கட்டுங்க சார்!” என்று ஆண்டியப்பன் கத்தினான்.

பிள்ளைகள் ஊளையிட்டுச் சிரித்தன. டிரைவரும் சிரித்தார். வாத்தியாருக்குக் காது வரைக்கும் சூடேறியது. “இது மியூசியம் இல்லடா, எங்க மொட்டையாண்டி கோயில்!” என்று சமாளித்துவிட்டு, தண்ணீர் மொண்டு வந்துவிட்டார்களா என்று பார்க்கிற சாக்கில் அங்கிட்டு நகர்ந்துவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது நூர்நிஷா கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நோட்டு விரிந்திருந்தது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள். சுற்றியிருந்த சிவப்புத் துணி ஒரு பக்கம் நழுவிக் கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கேறிக் கல் கன்னங்கரேல் என்று இருந்தது. அவள் எழுதவில்லை, எழுதியதைப் படித்துப் படித்துக் கல்லோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார்” என்றாள். அந்த வருஷத்தில் அவளாக வந்து பேசியது அன்றுதான். “அஞ்சு கேள்விக்கும் அதே பதில்தான் சார் வருது.”

“எதுக்கு அதே பதில்?”

“அங்கன பாத்தவருக்கு எழுதினது. முடி, காது, கை எல்லாம் அப்படியே இருக்கு சார். மேல மூணு கொடை. ஒண்ணு ஒடஞ்சிருக்கு.”

“அது கொடை இல்லம்மா, பாம்பு படம் எடுத்திருக்கு” என்றார் வாத்தியார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். பாம்பு எதுவும் இல்லை. குடைதான். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை. கீழே எண்ணெய்க் கசடு மூடிய இடத்தில் அவள் விரல் நீட்டிக் காட்டினாள். மூன்று சிங்கம்.

முப்பத்தேழு வருஷம். மொட்டை போட்டது இந்தக் கல்லுக்கு முன்னால், காது குத்தியது இதற்கு முன்னால், கல்யாணம் முடிந்து மாலையும் கழுத்துமாக விழுந்து கும்பிட்டது இதற்கு முன்னால். அத்தனை முறையும் கண்ணை மூடிக்கொண்டே நின்றிருக்கிறார். ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கண்ணைத் திறடா, கண்ணைத் திறடா என்று குட்டினவர்.

அவர் அந்த அவமானத்தை முழுங்கி முடிப்பதற்குள் அவள் அடுத்ததைக் கேட்டாள். “இவருக்கா சார் கெடா வெட்டுவாங்க?”

“பின்ன யாருக்கு? நம்ம சார் வீட்டுக் கெடாவே இவருக்குத்தான்!” என்றான் ஆண்டியப்பன். யாரும் சிரிக்கவில்லை. காலையில் மயில்பீலிக் கதையை வாய்திறந்து கேட்ட பிள்ளைகள் எல்லாம் வாத்தியார் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. நல்ல வேளையாக டிரைவர் ஹாரன் அடித்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னால் பொன்னுத்தாய் அசரவில்லை. உலையில் அரிசியைப் போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அது நம்ம சாமி இல்ல பொன்னுத்தாயி. சமணத் துறவி. எறும்பைக்கூட மிதிக்காத ஆளு. அவரு முன்னாடி போய்க் கெடா வெட்டுறது எம்புட்டுப் பெரிய அநியாயம் தெரியுமா?”

“புள்ளைக்கு முடியாமப் போனப்ப அவருகிட்டதான கேட்டீங்க?”

“தெரியாமக் கேட்டேன்.”

“கேட்டது தெரியாமக் கேட்டீங்க. குடுத்தவரு தெரிஞ்சுதான் குடுத்தாரு. சொன்ன வாக்க மாத்த நான் ஒத்துக்க மாட்டேன். எம்புள்ள என் கண்ணு முன்னாடி கட்டையாக் கெடந்தான். இன்னொரு தடவை அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

“புள்ளையக் காப்பாத்துனது மருந்து.”

“அப்ப நீங்க எதுக்குக் கும்பிட்டீங்க?”

இதற்குப் பதில் உலகச் சமயங்கள் ஆறிலும் தேடினாலும் கிடைத்திருக்காது. கொல்லையில் கிடாய் கத்தியது. வெட்டினால் அந்த முப்பத்திரண்டு பிள்ளைகள் முன்னால், அதிலும் அந்த ஒரு பெண் முன்னால், இனிமேல் வாயைத் திறந்து எந்த மதத்தைப் பற்றிச் சொல்வது? வெட்டாவிட்டால் பொன்னுத்தாயை எப்படித் தூங்க வைப்பது? பையனுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட அவள் முகம் போகிற போக்கை அவர் பார்த்திருக்கிறார். நிஜத்தைச் சொன்னால், அவருக்குமே உள்ளுக்குள் பயம் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஊர்க்காரர்களிடம் பேசிவிடுவது என்று முடிவு செய்தார். பங்காளிகள் எல்லாருமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பொன்னுத்தாயும் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை கம்மாய்க்கரையில் கூட்டம். பூசாரி முறை அந்த வருஷம் அவருடைய பெரியப்பா மகன் அடைக்கலத்துக்கு. வாத்தியார் இரண்டு புத்தகத்தோடு போனார். தீர்த்தங்கரர்கள் இருபத்து நாலு பேர், இந்தப் பக்கத்துக் குன்றுகளில் சமணர்கள் கல்லில் படுக்கை வெட்டிக்கொண்டு வாழ்ந்த காலம், அவர்கள் உண்ணாமல் நோன்பிருந்து உயிர் விட்டது என்று ஒரு மணி நேரம் பேசினார். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அவர் பாடம் நடத்தியது கிடையாது. இரண்டு பேர் தூங்கினார்கள். ஒருவர் ஓணானை விரட்டினார். இதற்குப் பள்ளிக்கூடமே தேவலை என்று வாத்தியாருக்குத் தோன்றியது.

அடைக்கலம் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “ஏன் தம்பி, சுத்தி வளைக்காம ஒண்ணே ஒண்ணு சொல்லு. சாமி சைவமா?” என்றார்.

“சைவம்னு இல்லண்ணே. இவங்க உயிர்க்கொலையே...”

“கறி திங்குமா, திங்காதா?”

“திங்க மாட்டாரு.”

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தூங்கியவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். அடைக்கலம் துண்டை உதறித் தோளில் போட்டார். “அடப் பாவி, இத முந்தியே சொல்லக்கூடாதா? படிச்ச புள்ள, இத்தனை வருசமா வாய மூடிக்கிட்டு இருந்திருக்கியே! சைவச் சாமிக்குக் கவுச்சியப் படைச்சிருக்கோம். கம்மாயில ஏன் தண்ணி நிக்கலன்னு இப்பல்ல தெரியுது!”

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பக்கத்து ஊர் ஐயனார் கோயிலில் அப்படித்தான். ஐயனார் சைவம். காவல் தெய்வம் கருப்பருக்குக் கிடாய் வெட்டும்போது ஐயனார் கண்ணில் படாமல் குறுக்கே திரை பிடித்துவிடுவார்கள். அதே மாதிரி இனிமேல் மொட்டையாண்டிக்குச் சர்க்கரைப் பொங்கல், கிடாய் கருப்பருக்கு, நடுவில் திரை. இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்த குற்றத்துக்கு சேவுகன் வீட்டுச் செலவில் சாமிக்குப் பால் அபிஷேகம். எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். நம் சாமி சைவச் சாமி என்பதில் பெருமை வேறு.

“திரை கட்டச் சொல்லல அண்ணே! கெடாவே வேண்டாம்னு சொல்றேன்!” என்று வாத்தியார் கத்தினார்.

“அதான் அவருக்கு இல்லையே தம்பி. கருப்பருக்குல்ல வெட்டுறோம். ஒஞ்சாமிக்கு ஒரு கொறையும் வராது. நீ கவலப்படாமப் போ” என்று அடைக்கலம் முதுகில் தட்டிக் கொடுத்தார். பொன்னுத்தாயிடம் சொன்னபோது அவள் முகம் தெளிந்துவிட்டது. கேட்டவருக்குப் பொங்கல், காவலுக்குக் கிடாய், யாருக்கும் மனக்குறை இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் நன்றாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு வாத்தியார் அபிஷேகத்துக்குப் பால் சொல்லிவைக்கப் போனார்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கல்லுக்கு எண்ணெய்க் கசடு போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். பால் ஊற்றினார்கள். அடியில் இருந்த சாம்பல் நிறக் கல் வெளியே வந்தது. மஞ்சளில் நனைத்த வேட்டியைத் திரையாக விரித்து, “சாமி சைவம்னு சொன்னவன் நீதான, ஒரு முனைய நீயே பிடி” என்று வாத்தியாரை உள்பக்கம் நிறுத்தினார் அடைக்கலம். கிடாய் மேல் தண்ணீர் தெளித்தார்கள். அது சிலிர்த்துக்கொண்டது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று எல்லாரும் குலவையிட்டார்கள்.

திரைக்கு உள்ளே வாத்தியாரும் அந்தக் கல்லும்தான். மறுமுனையைப் பிடித்தவர் வெளிப்பக்கமாகத் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். குளிப்பாட்டிய முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. வெளியே கிடாய் இரண்டு முறை கத்தியது. மூன்றாவது முறை பாதியில் நின்றது. வாத்தியார் பிடித்திருந்த முனை தளர்ந்து திரை தொய்ந்தது. “இழுத்துப் பிடிடா!” என்று யாரோ அதட்டினார்கள். இழுத்துப் பிடித்தார். வெட்கமாக இருந்தது அவருக்கு. ஊர்மேல் வந்த எரிச்சல் எல்லாம் எங்கேயோ போய், வெட்கம் மட்டும் மிச்சமிருந்தது. மத்தியானம் சாப்பாட்டில் கறியை ஒதுக்கிவைத்தார். “பிரசாதத்த ஒதுக்கக்கூடாது” என்று பொன்னுத்தாய் சொன்னதும் எடுத்துச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை நாலாம் பாரத்துக்குள் நுழையும்போதே ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டுதான் நுழைந்தார். எவன் கேட்டாலும் சொல்லிவிடலாம். ஆண்டியப்பன்தான் கேட்பான் என்று நினைத்தார். அவன் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. நூர்நிஷா எழுந்து நின்றாள்.

“கெடா வெட்டுனாங்களா சார்?”

“வெட்டுனாங்க. ஆனா அவருக்கு இல்லம்மா. கருப்பருக்கு” என்றார் வாத்தியார். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். “அவருக்குத் தெரியாத மாதிரி நடுவுல திரை கட்டிட்டோம். நானே ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு கண்ணுல படவே இல்ல.”

அவள் தலையை ஆட்டினாள். உட்காரப் போனவள் உட்காரவில்லை. எதையோ ஒத்துப் பார்ப்பதுபோல் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கத்துனது அவருக்குக் கேட்டிருக்கும்ல சார்?”

கேலியாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வியை ஒரு பிள்ளையாவது கேட்காதா என்று பத்து வருஷமாக ஏங்கிய மனிதர், கையில் சாக்பீஸோடு நின்றார். கேட்காது, அது கல் என்று சொல்லலாம். சமணத்தில் சிலைக்கு உயிர் இல்லை என்று விளக்கலாம். இரண்டும் சரியான பதில்தான்.

“கேட்டிருக்கும்மா” என்றார்.